கருவைத் தேர்ந்தெடுக்கலாமா?

பொறியியல் படிக்கிற எனக்குப் பழுதான பாகத்தைக் கழற்றிப் போடுவது சாதாரணம். ஆனால் கரு ஒரு பாகமா?

தாய், தந்தை இருவருமே தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. இன்று கருவைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கி, சில செல்களைப் பரிசோதித்து, நோயில்லாததை மட்டும் கருப்பையில் வைக்க முடியும். மற்றவை?

என் அத்தை மகன் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்கிறான். "இந்தக் கஷ்டம் என் பிள்ளைக்கு வேணாம்டா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அப்பா அம்மா அந்த டெஸ்ட் செஞ்சிருந்தா நான் இருந்திருக்க மாட்டேன்ல?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

நம் 16 சம்ஸ்காரங்களில் முதலாவது கர்ப்பாதானம். குழந்தை உருவாகும் முன்பே அதற்காகச் செய்யும் சடங்கு. பிள்ளையை நோயிலிருந்து காப்பது தர்மம்தான். ஆண் பிள்ளை, சிவந்த நிறம் என்று பொறுக்க ஆரம்பித்தால்? அது வெறும் ஆசை.

மலேசியாவில் படிவம் 4 மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தலசீமியா பரிசோதனை உண்டு. தவறவிட்டவர்கள் இப்போதாவது செய்துகொள்ளுங்கள். கல்யாணம் பேசும்போது ஜாதகத்தோடு அந்த முடிவையும் எடுத்து வையுங்கள். கருவைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய நிலை வருமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

என் அத்தை மகனுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? அடுத்த வகுப்பில் பேசுவோம்.