பிரெஞ்சுக்காரர் லீவுக்குப் போகும் கிராமமும் என் பெரியம்மா வேலை செய்யும் ஊரும்



லீவு விட்டால் நாம் எங்கே போவோம்? ஆயா வீட்டுக்கு, இல்லாவிட்டால் மாமா வீட்டுக்கு. பிரான்சு நாட்டுப் பட்டணத்துக்காரர்களும் லீவுக்குக் கிராமத்துக்குத்தான் போகிறார்கள். ஆனால் சொந்தக்காரர் யாரும் இல்லாத கிராமத்துக்குக்கூட வாடகை கொடுத்துப் போகிறார்கள்! ஏன் என்று யோசித்தேன்.

அங்கே 1936-ல் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளிகளுக்கு வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு. 1982-ல் அது ஐந்து வாரம் ஆனது. லீவு கிடைத்தது, ஓட்டலில் தங்கக் காசு வேண்டுமே. அதே காலத்தில் கிராமத்துப் பிள்ளைகள் வேலைக்குப் பட்டணம் போய்விட, வீடும் மாட்டுக் கொட்டகையும் காலியாகக் கிடந்தன. 1950-களில் அவற்றைச் சரி செய்து வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு ‘ழீத்’ என்று பெயர். அடுப்பு, பாத்திரம், படுக்கை எல்லாம் இருக்கும். சமையல் நாமே செய்துகொள்ள வேண்டும்.

பிரான்சில் ஏறக்குறைய 35,000 ஊராட்சிகள் இருக்கின்றன. பாதி ஊர்களில் 500 பேர்கூட இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு ‘மேரி’ உண்டு. மேரி என்றால் நம்ம பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி. பாண்டிச்சேரி கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்ததே, பிறகு திரும்பக் கட்டினார்களே, அதே பெயர்தான். வாரச் சந்தையும் உண்டாம். காலையில் ரொட்டிக் கடைக்கு நடந்து போய் நீள ரொட்டி வாங்கி வருவார்கள். அந்த ரொட்டியை 2022-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நம்ம இட்லியைச் சேர்த்தால் என்னவாம்?

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. நான் நேரில் பார்த்தது ஆரோவில். பிரெஞ்சுக் கிராமம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அதை ஏற்படுத்திய ஸ்ரீ அன்னை பாரிசில் பிறந்தவர். திட்டம் வரைந்த ரோஜர் ஆஞ்சேயும் பிரெஞ்சுக்காரர். அங்கே குடியிருப்பவர்களில் இந்தியர்களுக்கு அடுத்தபடி பிரெஞ்சுக்காரர்கள்தான் அதிகம். நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் வானூர் தாலுக்காவில் இருக்கிறது. திண்டிவனத்தில் பாண்டி பஸ் ஏறி, திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் இறங்கிப் போகலாம்.

என் பெரியம்மா அந்தப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் ரூம் பெருக்கித் துடைக்கிற வேலை செய்யுது. இதுவரைக்கும் கிளாசில் கேட்டவர்களிடம் ‘ஆபீஸ் வேலை’ என்று சொல்லியிருந்தேன். பொய்தான். அரையாண்டு லீவில் பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனது.

ரூம் பெரிசு ஒன்றும் இல்லை. ஏசி கிடையாது, டிவி கிடையாது. கொசுவலை, ஒரு மேசை, மொட்டை மாடியில் வெயிலில் தண்ணீர் சுட வைக்கிற சோலார் கருவி. குப்பைக்கு நாலைந்து தொட்டி. “இதுக்கா இவ்ளோ தூரம் ஏரோப்ளேன்ல வராங்க?” என்று கேட்டேன். “சத்தம் இல்லாம தூங்கறதுக்கு வராங்கடி”ன்னு பெரியம்மா சொன்னது. வருகிறவர்கள் சைக்கிள் எடுத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். பெரியம்மாவுக்கு ‘போன்ழூர்’, ‘மெர்சி’ இரண்டும் நன்றாக வருகிறது. (வணக்கம், நன்றி.)

சோலார் கிச்சனின் மாடியில் 15 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கிண்ணம் இருக்கிறது. உள்ளே முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி, அதில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கிறார்கள். நம்ம எட்டாம் வகுப்பில் படித்த குழி ஆடிதான் இது!

எனக்கு ஆச்சரியமாக இருந்தது மரங்கள். 28-2-1968 அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டு வந்து ஒரு தாழியில் போட்டு ஆரோவில்லை ஆரம்பித்தபோது அங்கே காடே கிடையாது. வெறும் செம்மண் மேடு. மழை பெய்தால் மண்ணை அரித்துக்கொண்டு தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும், அங்கங்கே பள்ளத்தாக்கு மாதிரி வெடித்துக் கிடந்ததாம். வந்தவர்களும் சுற்று ஊர் ஜனங்களும் சேர்ந்து கரை போட்டுத் தண்ணீரை நிறுத்தி, லட்சக்கணக்கில் மரம் வைத்தார்கள். பெரியம்மாவின் மாமியார் அந்தக் கரைக்குத் தலையில் மண் சுமந்தவர். “நெழலுக்கு ஒரு மரம் இருக்காது, தாயி”ன்னு அவங்க சொன்னாங்க. 2021 டிசம்பரில் அங்கேயே ரோடு போட மரங்களை வெட்டியபோது பெரிய தகராறு ஆகி, வழக்கும் நடந்தது.

இப்போது முக்கியமான விஷயம், கழிவறை. சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் கழிவறை கட்டி நாலு வருஷம் ஆகிறது. தண்ணீர் வசதி இல்லை, கழிவுத் தண்ணீர் போக வழியும் இல்லை என்று அதில் விறகும் வறட்டியும் அடுக்கி வைத்திருந்தோம். நானும் அம்மாவும் இருட்டினால்தான் வெளியே போவோம். மழைக்காலத்தில் எவ்வளவு பயம் என்று பெண் பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியம்மா வேலை செய்யும் விடுதியில் குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் சாக்கடைக்குப் போகவில்லை. ஜல்லி நிரப்பிய ஒரு பாத்திக்குப் போகிறது, அதில் கல்வாழை. அதன் வேர் தண்ணீரைச் சுத்தப்படுத்துகிறது. நாற்றமே இல்லை. நான் மூக்கை வைத்தே பார்த்தேன்.

ஊருக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னேன். முதலில் “வெள்ளைக்காரன் வேலை”ன்னு சிரிச்சார். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து ஒரு பாத்தி வெட்டினோம். ஜல்லி பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கியது. குளியல் தண்ணீர் மட்டும்தான் அதற்குப் போகிறது, கழிவறைக்கு உறைகுழி தனியாக இருக்கிறது. விறகையெல்லாம் வெளியே எடுத்துவிட்டோம். தண்ணீர் மட்டும் இன்னும் குடத்தில்தான், சாயங்காலம் நானும் தம்பியும் ஆளுக்கு மூன்று குடம். பெரியம்மா கொடுத்த கல்வாழைக் கிழங்கில் நாலு துளிர்த்துவிட்டது. ஒன்றை ஆடு கடித்துவிட்டது. வேண்டியவர்கள் என்னிடம் கேளுங்கள், பை எடுத்துக்கொண்டு வந்தால் கிழங்கு தருகிறேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி, ஒலக்கூர்