எல்லைப் பள்ளியும் ஊர்க்குழுவும்

பள்ளியை நடத்துவது யார் என்று கேட்டால், தலைமையாசிரியர் என்போம். அல்லது அரசாங்கம் என்போம். ஊராரை நாம் நினைப்பதில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் உண்டு. கல்விக் கண்காணிப்பாளரை அமர்த்துவதும் வரவு செலவை வகுப்பதும் அதன் வேலை. நம் நாட்டில் அந்த அதிகாரம் பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. கேரள எல்லையில் உள்ள தமிழ்ப் பள்ளிகளைப் பார்த்தால் இது நன்கு விளங்கும்.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும், மறையூர், வட்டவடை மலையூர்களிலும், பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கங்களிலும் தமிழ் வழங்குகிறது. அதே ஆண்டு அரசியலமைப்பில் சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்யச் சொல்கிறது. தமிழ்ப் பாடநூலைக் கேரள அரசே வெளியிடுகிறது.

1994-ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளைக் கிராமப் பஞ்சாயத்திடமும், உயர்நிலைப் பள்ளிகளை மாவட்டப் பஞ்சாயத்திடமும் ஒப்படைத்தது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிக்கு மேலாண்மைக் குழு வேண்டும் என்றது. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் அக்குழுவே.

ஆயின், இக்குழு மதில் கட்டலாம், கழிப்பறை கட்டலாம். ஆசிரியரை நிலையாக அமர்த்த முடியாது. அது அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வேலை. தமிழ்வழி ஆசிரியர் பணிக்கு ஆணையம் தனியே அறிவிப்பு விடுத்து, தேர்வு நடத்திப் பட்டியல் வெளியிட வேண்டும். அது தாமதமானால் வகுப்பு நாட்கூலி ஆசிரியரை நம்பி நிற்கும். மலைத் தோட்டத்துக்கு அவரும் எளிதில் வருவாரா?

அதிகாரம் இல்லை என்று குழு கைகட்டி இருக்கலாமா? கூடாது. அடுத்த ஆண்டு யார் ஓய்வு பெறுகிறார் என்பது இவ்வாண்டே தெரியும். அதை எழுதி அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழர்க்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. பயன்படுத்துவோர்தாம் வேண்டும்.

இன்னொன்று, பணமே வேண்டாதது. அயோவா மாநிலப் பள்ளி வாரியங்களின் சங்கம் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அது ஜார்ஜியா மாநிலத்தில் மாணவர் நன்கு தேறிய மாவட்டங்களையும் பின்தங்கியவற்றையும் ஒப்பிட்டது. பின்தங்கிய மாவட்டங்களின் வாரியத்தார் வறுமையையும் பெற்றோரையும் காரணம் காட்டினர்; முன்னேறியவற்றில் எல்லாப் பிள்ளையும் படிக்கும் என்று நம்பி, அதற்கு என்ன செய்தோம் என்று கேட்டனர். “தோட்டத்துப் பிள்ளைதானே, இவ்வளவு போதும்” என்னும் பேச்சு நமக்கும் புதிதன்று. மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் தமிழைத் தடுமாறாமல் படிக்கிறார்கள்? 2017-ஆம் ஆண்டின் சட்டப்படி கற்க வேண்டிய மலையாளம், பின்னால் வேலைக்கு உதவுமளவு வருகிறதா? குழு இவற்றைக் கேட்கத் தொடங்கினால் ஆசிரியரும் விடை தேடுவார். கேட்காவிட்டால், பெற்றோர் ஆங்கிலப் பள்ளி வண்டியில் பிள்ளையை ஏற்றுகிறார்கள். அவர்களை நொந்து பயனில்லை.

சிறிய செய்திதான், ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது கூட்டத்தின் நேரம். பகல் பதினொரு மணிக்குக் கூட்டினால் கொழுந்து பறிக்கும் தாய் ஒரு நாள் கூலியை இழந்தல்லவா வரவேண்டும்? ஞாயிற்றுக்கிழமை கூட்டினால் பாதி இடம் உண்மையிலேயே பெண்களுடையதாகும்.