வண்டிக்கு எந்த நிறம்?

பெங்களூர் சிவாஜிநகரில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. அங்கே ஒரு தையல்காரர் இருக்கிறார். அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்ய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆட்டோவுக்கே நிறையப் பணம் போனது.

அதனால் தையல்காரர் ஒரு பழைய கார் வாங்கினார். 2014-ஆம் ஆண்டு வண்டி. சின்ன மாருதி கார். வெள்ளை நிறம். விலை 1,50,000 ரூபாய். கொடுத்தது போகக் கையில் 50,000 ரூபாய் மீதி இருந்தது.

தெருவில் சிலர் கேலி செய்தார்கள். "வெள்ளைக் காரா? வாடகை வண்டி மாதிரி இருக்கிறதே" என்றார்கள். தையல்காரருக்கு மனம் வருந்தியது. காருக்குச் சிவப்பு வண்ணம் அடிக்க நினைத்தார். அக்காவிடம் சொன்னார்.

"அக்கா, சிவப்பு அடித்தால் புது வண்டி போல இருக்கும்."

"வாடகை வண்டியா, சொந்த வண்டியா என்று காட்டுவது நம்பர் பலகைதான் தம்பி. மஞ்சள் பலகை என்றால் வாடகை வண்டி. நம்முடையது வெள்ளைப் பலகை. சரி, எவ்வளவு செலவாகும் என்று கேட்டாயா?"

"இன்னும் கேட்கவில்லை."

"முதலில் கேட்போம். பிறகு முடிவு செய்வோம்."

இருவரும் பெயிண்டர் பட்டறைக்குப் போனார்கள். பெயிண்டர் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"நிறத்தை மாற்ற 45,000 ரூபாய் ஆகும் அண்ணா. அதே வெள்ளை என்றால் செலவு குறையும்" என்றார்.

"ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று அக்கா கேட்டார்.

பெயிண்டர் கதவைத் திறந்தார். கதவின் உள் ஓரத்தைக் காட்டினார். அங்கேயும் வெள்ளை. பானட்டைத் தூக்கினார். உள்ளேயும் வெள்ளை. டிக்கியிலும் வெள்ளை.

"வெளியே மட்டும் சிவப்பு அடித்தால் கதவைத் திறக்கும்போது வெள்ளை தெரியும். நன்றாகச் செய்ய வேண்டும் என்றால் கதவு, விளக்கு, ரப்பர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பழைய வண்ணத்தைத் தேய்க்க வேண்டும். பள்ளத்தில் பட்டி பூச வேண்டும். பிரைமர் அடிக்க வேண்டும். அதற்கு மேல்தான் வண்ணம். கடைசியில் பளபளப்புப் பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். வேலை அதிகம். அதனால் கூலியும் அதிகம்" என்றார்.

அக்கா கதவின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார். இரண்டு கதவுகளில் துரு இருந்தது.

"இதன் மேலேயே வண்ணம் அடிக்கலாமா?"

"கூடாது அக்கா. துரு வண்ணத்துக்கு அடியில் பரவும். கொஞ்ச நாளில் வண்ணம் கொப்பளித்து உரியும். துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஓட்டை இருந்தால் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பிறகுதான் வண்ணம்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆர்.சி.யை எடுத்தார். அக்கா மகள் அதைப் படித்தாள். வண்டி எண், இன்ஜின் எண், சேசிஸ் எண், உரிமையாளர் பெயர் எல்லாம் இருந்தன. வண்டியின் நிறமும் இருந்தது. வெள்ளை என்று எழுதியிருந்தது.

"மாமா, வண்டி சிவப்பாகவும் ஆர்.சி.யில் வெள்ளையாகவும் இருந்தால் போலீஸ் நிறுத்திக் கேட்க மாட்டார்களா?" என்று அவள் கேட்டாள்.

அது சரியான கேள்வி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஆர்.சி.யில் உள்ள விவரமும் வண்டியும் பொருந்தியிருக்க வேண்டும் என்கிறது. திருட்டு வண்டியைக் கண்டுபிடிக்க நிறமும் ஓர் அடையாளம். ஆகவே, நிறம் மாற்ற விரும்புகிறவர் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புது நிறத்தை ஆர்.சி.யில் பதிய வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

தையல்காரர் ஆர்.சி.யை வாங்கினார். எண்களைத் தானே படித்தார். பதிவுக் காலம் 2029-இல் முடிகிறது என்று இருந்தது. சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள். பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். தகுதி இருந்தால் மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பார்கள். அப்போது வண்டி சிவப்பா, வெள்ளையா என்பது முக்கியமில்லை. பிரேக், விளக்கு, புகை எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

மறுநாள் மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்த்தார். "முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. பிரேக்கும் சரியில்லை. மழையில் வழுக்கும்" என்றார்.

அன்று இரவு அக்கா மகள் கணக்கு எழுதினாள்.

முன் டயர் 2 – 6,000 ரூபாய்
பிரேக் வேலை – 4,000 ரூபாய்
இரண்டு கதவுகளில் துரு நீக்கி, அதே வெள்ளை அடிக்க – 9,000 ரூபாய்
பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் – 6,000 ரூபாய்
மொத்தம் – 25,000 ரூபாய்

இதைச் செய்தால் கையில் 25,000 ரூபாய் மிஞ்சும். சிவப்பு அடித்தால் மிஞ்சுவது 5,000 ரூபாய்தான். அதில் டயர் கூட வாங்க முடியாது.

அம்மா படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "நிறம் பார்த்தா நான் ஏறப் போகிறேன்? பத்திரமாகப் போய் வந்தால் போதும்டா" என்றார்.

தையல்காரர் சிரித்தார். "வெள்ளையே இருக்கட்டும் அக்கா. வெயிலில் வெள்ளை வண்டி கறுப்பு வண்டியைப் போலச் சூடேறாது. அம்மாவுக்கும் நல்லது" என்றார்.

தெரிந்துகொள்வோம்

1. நிறம் மாற்றுவது குற்றம் இல்லை. ஆர்.சி.யில் பதியாமல் ஓட்டுவதுதான் தவறு.

2. இராணுவ வண்டியின் பச்சை நிறத்தை மற்றவர்கள் அடிக்கக் கூடாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைத் தடுக்கின்றன.

3. பழைய கார் வாங்கும்போது கதவின் உள் ஓரத்தையும் பானட்டின் உள்பக்கத்தையும் பாருங்கள். உள்ளே வேறு நிறம் இருந்தால் காரணம் கேளுங்கள். ஒரு கதவு மட்டும் புதிதாக மின்னினால் அங்கே அடிபட்டிருக்கலாம்.

4. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் வண்டியில் உள்ள சேசிஸ் எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பணம் கொடுக்காதீர்கள்.

5. வண்ணம் தெளிக்கும் புகை நுரையீரலைக் கெடுக்கும். பட்டறையில் வேலை செய்பவர்கள் அதற்குரிய முகமூடி அணிய வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

சேர்ந்து பேசுவோம்

தையல்காரர் முடிவு சரியா? பணம் போதுமான அளவு இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஊரார் பேச்சுக்காக நாம் செய்த செலவுகள் எவை?

கணக்குப் போடுவோம்

ஒருவரிடம் 40,000 ரூபாய் இருக்கிறது. டயர் 4 வாங்க வேண்டும். ஒன்றின் விலை 3,000 ரூபாய். பிரேக் வேலை 5,000 ரூபாய். மிஞ்சுவது எவ்வளவு?

எழுதிப் பழகுவோம்

உங்கள் வீட்டில் வண்டி இருந்தால் அதன் ஆர்.சி.யை எடுங்கள். வண்டி எண், நிறம், பதிவு முடியும் நாள் மூன்றையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள்.