சின்னக்கானலில் குளிர்காலம்: கொழுக்குமலைக்கு முதல் காலையே சரி

பனிச்சறுக்குதான் வேண்டும் என்றால் காஷ்மீரின் குல்மார்க்கோ உத்தரகண்டின் அவுலியோதான் கதி. தெற்கே அதற்கு வழியில்லை. விடிகாலையில் புல்நுனி வெள்ளையாக உறைந்து கிடப்பதையும், காலுக்குக் கீழே மேகம் கடலாக விரிவதையும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு, மதுரையிலிருந்து அரை நாள் பயணத்தில் சின்னக்கானல் இருக்கிறது. இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை தாலுகா. மூணாறிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். தேயிலையும் ஏலமும் சூழ்ந்த ஊர். தோட்டத்து லயங்களில் பேச்சு தமிழ்தான். வழி கேட்கவோ ஜீப் பேசவோ தயங்க வேண்டியதில்லை.

இங்கே வந்து ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பக்கத்து மலைமுகடான கொழுக்குமலையின் சூரிய உதயத்தைக் கடைசி நாள் காலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். முதல் நாள் மூணாறு, இரண்டாம் நாள் அணைக்கட்டு, பூந்தோட்டம், கடைத்தெரு; மூன்றாம் நாள் விடியலில் மலை, அப்படியே ஊர். அன்றைக்கு மேலே மேகம் மூடிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. மறுநாள் என்று ஒன்று கையில் இருக்காது. ஆகவே முதல் விதி: குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டும், கொழுக்குமலையை முதல் காலைக்கே வைக்க வேண்டும். அன்று கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு காலை இருக்கிறது.

மாதத்தைப் பொறுத்தவரை டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தேனிப் பக்கத்திலிருந்து ஈரக்காற்றை இந்த மலைமுகட்டில் கொண்டுவந்து மோத வைக்கிறது. மூணாறில் வெயில் அடிக்கும் அதே காலையில் கொழுக்குமலை மேகத்துக்குள் மூழ்கிக் கிடக்கும். மூணாறு வானிலையை மட்டும் செல்போனில் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். போடிநாயக்கனூர் வானிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் மழை இல்லை என்றால்தான் நம்பலாம்.

அறை எடுக்கும்போது வரைபடத்தை ஒரு முறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. 'மூணாறு' என்ற பெயரில் விளம்பரமாகும் விடுதிகளில் பல உண்மையில் சின்னக்கானலில்தான் இருக்கின்றன. கொழுக்குமலைக்குப் போகிறவர்களுக்கு அது லாபம். ஜீப் கிளம்பும் சூரியநெல்லி இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். மூணாறு டவுனில் தங்கினால் மூன்று மணிக்கே எழுந்து இருட்டில் மலைப்பாதையில் வர வேண்டியிருக்கும். கூடாரம் வேண்டாம், சுவரும் கூரையும் உள்ள அறையே சரி. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணை யானை கொன்றது. யானை நடமாடும் இந்த ஊரில் அதை மறந்துவிட்டுக் கூடாரம் தேடக் கூடாது.

போகும் வழி சுலபம். சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு 2023 ஜூனிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ரயில் ஓடுகிறது. மதுரையிலிருந்து தினசரி ரயில் உண்டு. போடியில் இறங்குகிறவர்களுக்கு எதிரே ஒரு மலையே பாக்கி இருக்கிறது. போடிமெட்டு, பூப்பாறை, ஆனையிறங்கல், பெரியகானல், சின்னக்கானல் என்று போக வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரளும் என்பவர்கள் போடியிலேயே மாத்திரை போட்டுவிட வேண்டும். பாதி மலையில் போட்டுப் பயனில்லை. மூணாறு–போடிமெட்டு சாலை சுமார் 42 கிலோமீட்டர். அகலப்படுத்தும் வேலை நடந்த ஆண்டுகளில் அதன் கேப் ரோடு எனப்படும் பகுதியில் மலை சரிந்து வழி அடைபட்டதுண்டு. இப்போது சாலை நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதாலேயே வேகமும் கூடிவிடுகிறது. மூடுபனி இறங்கினால் வேகத்தை 20-க்குக் குறைத்துவிட வேண்டும். வாடகை வண்டியில் வருகிறவர்கள் கேரளப் பெர்மிட் எடுத்தாயிற்றா என்று டிரைவரிடம் போடியிலேயே கேட்டுவிடலாம். ஊட்டி, கொடைக்கானலுக்கு இருப்பது போன்ற இ-பாஸ் தொல்லை இந்த வழியில் இல்லை.

மாலை 6 மணிக்குமேல் வண்டியை எடுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

அரிக்கொம்பன் என்ற ஆண் யானை ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். 2023 ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறை கும்கிகளை வைத்து அதைப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. ஒரு மாதத்துக்குள் அது கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூன் 5-ல் தமிழக வனத்துறை மீண்டும் பிடித்து களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அது போனதால் ஊரில் யானை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சக்கக்கொம்பன் என்ற இன்னொரு ஆண் யானை இங்கேதான் சுற்றுகிறது. பெண் யானைக் கூட்டங்களும் ஆனையிறங்கல் நீர்த்தேக்கக் கரைக்கு வந்து போகின்றன. சாலையில் யானையைக் கண்டால் வண்டியை நிறுத்தி, நிதானமாகப் பின்னுக்கு எடுக்க வேண்டும். ஹாரன் கூடாது, பிளாஷ் கூடாது, கீழே இறங்கவே கூடாது. எதிரே வரும் உள்ளூர் ஜீப்காரர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்திவிடுவதே மரியாதை. இருட்டிய பிறகு வந்து சேரும்படி பயணத்தைத் திட்டமிட்டவர்கள், போடியிலோ பூப்பாறையிலோ இரவைக் கழித்துவிட்டுக் காலையில் வரலாம். அறை வாடகை ஒரு நாள் வீணாகும், ஆகட்டும்.

இனி கொழுக்குமலை. அங்குள்ள தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய 8,000 அடி உயரம். தமிழ்நாட்டு மண்தான் என்றாலும் வண்டி ஏறும் ஒரே பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாக, தேயிலைத் தோட்டங்களை ஊடுருவிப் போகிறது. தார் கிடையாது. பெயர்ந்த கருங்கல்லும் பள்ளமுமாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம். சொந்தக் கார் எவ்வளவு உயரமான கார் என்றாலும் அதை சூரியநெல்லியிலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து ஃபோர் வீல் ஜீப்பில்தான் போக முடியும். வாடகை ஆள் கணக்கில் கிடையாது, வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். தனியாகவோ இருவராகவோ வருகிறவர்கள் முந்தைய மாலையிலேயே ஸ்டாண்டுக்குப் போய் வேறு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டால் செலவு பாதியாகும். தோட்டத்து நுழைவுக் கட்டணம் தனி. சில்லறையாகப் பணம் வைத்திருக்க வேண்டும், மேலே சிக்னலை நம்பிப் போனை நீட்ட முடியாது.

நாளைக்குப் போகலாமா, வேண்டாமா? இதை முடிவு செய்வதுதான் இந்தப் பயணத்தின் உயிர்நாடி. விடுதி வரவேற்பில் கேட்டால் எப்போதும் 'போகலாம் சார்' என்றே பதில் வரும். இரவு 9 மணிக்கு வெளியே வந்து வானத்தைப் பார்க்க வேண்டும். நட்சத்திரம் கூர்மையாகத் தெரிகிறதா, தேயிலைச் செடி அசையாமல் நிற்கிறதா, அதற்கு ஓரிரு நாள் முன் தேனிப் பக்கம் மழை பெய்து ஓய்ந்திருக்கிறதா? மூன்றும் கூடிவந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜீப் சொல்லிவிடலாம். குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கில் தங்கி, அங்குள்ள ஈரத்தை மேகமாக்கிக் கீழேயே படுக்க வைக்கும். அதற்கு மேலே வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். மேகக்கடல் உண்டாவது அப்படித்தான். மழையே இல்லாத காய்ந்த வாரமானால் மேகக்கடல் அமையாமல் போகலாம். ஆனால் மீசைப்புலிமலையும் தேனிச் சமவெளியும் தெளிவாகத் தெரியும்; அதுவும் பார்க்க வேண்டியதே. மேகம் வேகமாக ஓடுகிறது, கூரைத் தகடு சலசலக்கிறது என்றால் அன்று தூங்குவதே மேல்.

சந்தேகமாக இருந்தால் ஜீப்காரரையே கேட்பது உத்தமம். "அண்ணே, இன்னிக்குக் காலையில மேலே எப்படி இருந்துச்சு?" என்று கேட்க வேண்டும், "நாளைக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்கக் கூடாது. முதல் கேள்விக்கு அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்வார். இரண்டாவதற்கு, வந்தவர் மனம் கோணாமல் ஏதாவது சொல்லி வைப்பார். "காத்து தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்று அவர் சொன்னால், மறுநாளும் பெரும்பாலும் அதேதான்.

ஜனவரியில் சூரியன் எழ 6.40 ஆகிவிடும். அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே கிழக்கு சிவக்கத் தொடங்கும். பார்க்க வேண்டியதும் அந்த முக்கால் மணி நேரத்தைத்தான். சூரியன் வந்த பிறகு நிறம் வெளுத்துவிடும். ஆகவே சூரியநெல்லியில் 4.15-க்கு ஜீப்பில் ஏறிவிட வேண்டும். முதுகுவலிக்காரர் முன்சீட்டில், பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்காருகிறவர்கள் தலைக்கு மேலிருக்கும் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும், கையில் செல்போன் இருக்கக் கூடாது. அந்தக் கம்பி பனிக்கட்டியாகச் சில்லிட்டிருக்கும். கையுறை குளிருக்கு மட்டுமில்லாமல் இதற்கும் உதவும். கர்ப்பிணிகளும் தண்டுவட சிகிச்சை எடுத்தவர்களும் இந்த ஜீப்பில் ஏறவே கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அறையில் பாட்டியோடு விட்டுவிட்டு வருவது நல்லது. வெறும் வயிற்றோடு ஏறினால் குமட்டும். இரண்டு பிஸ்கட், அரை டம்ளர் கட்டன்சாயா போதும்.

உடுப்பில் ஒரே பெரிய ஜெர்கினைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது: உள்ளே பனியன், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ரெயின்கோட். முகட்டில் நடுங்க வைப்பது காற்றுதான். துளைத்துளையான கம்பளி அதைத் தடுக்காது. காதை மூடும் குல்லா கட்டாயம். செருப்பு வேண்டாம், புல்லில் வழுக்கும்.

மேலே சிங்கப்பாறை விளிம்பில் கூட்டம் நெருக்கியடிக்கும். அங்கே புகைப்படத்துக்காக விளிம்புக்குப் போகாமல் நாலைந்தடி தள்ளி நின்றாலே போதும். திரும்பும் வழியில் பழைய தேயிலை ஆலையில் கொழுந்து வாடுவதிலிருந்து தூள் சலிப்பது வரை காட்டுகிறார்கள்; அரை மணி நேரம் ஒதுக்கலாம். அங்கிருந்து குரங்கணிக்கு நடந்தே இறங்கிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிட வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பற்றிய தீயில் மலையேற வந்த 23 பேர் இறந்தார்கள். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது.

உறைபனி பார்க்க வேறொரு காலை தேவை. முகட்டில் அது கிடைக்காது, காற்று கலைத்துவிடும். தெளிந்த, காற்றில்லாத இரவில் குளிர் வழிந்து தேங்கும் தாழ்வான புல்வெளிகளில்தான் வெள்ளை படியும். மூணாறைச் சுற்றிய செவன்மலை, செண்டுவரை, லெட்சுமி, கன்னிமலை எஸ்டேட் பக்கங்களில் ஜனவரியில் அதைப் பார்க்கலாம். ஆனால் 6.30-க்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். வெயில் பட்டதும் கால் மணி நேரத்தில் ஈரம்தான் மிஞ்சும். சாலையிலிருந்தே பார்க்க வேண்டும். பனி படிந்த தேயிலைக் கொழுந்து கருகிவிடும், தொழிலாளிக்கு அன்று பறிப்புக் குறையும். போதாக்குறைக்குச் செடிகளை மிதித்து நடக்க வேண்டாம். இருட்டில் தானே ஓட்டிப் போகாமல், இதற்கும் உள்ளூர் டிரைவரையே பேசிக்கொள்ள வேண்டும். யானை எந்த வளைவில் நிற்கிறது என்ற தகவல் அவர்களுக்குள் விடிவதற்கு முன்பே சுற்றிவிடும்.

திரும்பும் நாளில் ஏலக்காயைச் சின்னக்கானல் கடைகளில் வாங்காமல் போடியில் வாங்கலாம். ஏல மையம் உள்ள ஊர், தரம் பிரித்துக் கிடைக்கும், 8 எம்.எம். என்று கேட்டு, ஒரு காயை உடைத்து விதை கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். போடியிலிருந்து இரவு ரயில் பிடிக்கிறவர்கள் பிற்பகல் 3 மணிக்குள் பூப்பாறையைத் தாண்டிவிட்டால் கடைக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் இருக்கும்.