பழைய கார் வாங்குமுன்: சிறிய பெட்ரோல் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் குடும்பங்கள் கார் வாங்குவது இன்று புதுமையன்று. சென்னிமலையிலும் பவானியிலும் சிறுமுகையிலும் உள்ள நெசவாளரும், பொள்ளாச்சித் தோப்புக்காரரும், ஈரோட்டு மஞ்சள் விவசாயியும் முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், உறவினர் வீட்டு விசேடங்களுக்குக் குடும்பத்தோடு சென்று வரவும் ஒரு சிறு வண்டியை நாடுகின்றனர். புதிய வண்டிக்குப் பணம் போதாதபோது பழைய வண்டியைத் தேடுகின்றனர். அது குற்றமன்று. ஆனால் தேர்ந்தெடுக்கும் முறையை அறியாது வாங்கினால், நூலுக்கும் உரத்துக்கும் வைத்திருந்த பணம் பட்டறையில் கரைந்துபோகும். ஆதலின் இப்பாடத்தில் அம்முறையைப் படிப்படியாகக் காண்போம்.

கொங்கு நாட்டாருக்கு மோட்டார் வண்டி அந்நியமான பொருளன்று. 1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டித் தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைப் பொருத்திக் குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கினார். 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்க நாட்களில் அவ்வகைக் காரை ஓட்டியவரே. சிறிய எஞ்சின் என்பதால் அதை இளப்பமாக எண்ண வேண்டியதில்லை. அது எவ்வாறு பேணப்பட்டது என்பதே கேள்வி.

முதற் படி: கணக்கு

வண்டியைப் பார்க்கப் புறப்படுமுன் ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, 2,40,000 ரூபாய்க்கு ஒரு கார் வாங்கி, ஐந்தாண்டு ஓட்டி, 1,20,000 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். மதிப்பில் குறைவது மாதம் 2,000 ரூபாய். இன்சூரன்சுக்கு ஆண்டுக்கு 6,000 என்றால் மாதம் 500. டயர், பாட்டரி, பழுது ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 18,000 என்றால் மாதம் 1,500. மாதம் 600 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 40 லிட்டர் பெட்ரோல் வேண்டும். கணக்கு வசதிக்காக லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 4,000. ஆக மாதம் 8,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 13 ரூபாய்க்கு மேல்.

அதே கார் மாதம் 150 கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் பெட்ரோல் 1,000 ரூபாயோடு நிற்கும். பழுதுச் செலவு 1,000 ஆகக் குறைந்தாலும், மதிப்புக் குறைவும் இன்சூரன்சும் குறையா. மொத்தம் 4,500 ரூபாய். கிலோமீட்டருக்கு 30 ரூபாய். இத்தொகையைத் தம் ஊர் வாடகைக் காரின் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வாங்குவதா என்று முடிவு செய்க. கடன் வாங்கினால் வட்டியையும் சேர்க்க வேண்டும்.

பயிர்க்கடனையோ, தறிக்கு வேண்டிய நடைமுறை மூலதனத்தையோ காரில் முடக்குதல் கூடாது. வருவாய் பருவத்துக்குப் பருவம் வருவது. கார்ச் செலவோ மாதந்தோறும் வருவது. மேலும், வண்டியின் விலை போக, பத்தில் ஒரு பங்கேனும் முதற் பழுதுகளுக்கென்று தனியே எடுத்து வைத்தல் நன்று.

இரண்டாம் படி: எவ்வகை வண்டி?

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2000இல் வந்த ஆல்டோ, 1999இல் வந்த வேகன் ஆர், 1998இல் வந்த சான்ட்ரோ, 2015இல் வந்த குவிட், 2016இல் வந்த டியாகோ முதலியன பழைய கார்ச் சந்தையில் பரவலாகக் கிடைப்பவை. இவற்றுள் எதை வாங்குவது என்பதை மூன்று கேள்விகளால் தீர்க்கலாம்: உதிரிப் பாகம் அருகில் கிடைக்குமா? நம்மூர் மெக்கானிக்குக்கு அது பழக்கமானதா? முதியோர் முழங்கால் நோவின்றி ஏறி இறங்க முடியுமா? உயரமான கூரையுள்ள வண்டி இம்மூன்றாவது கேள்விக்கு ஏற்றது.

பாதுகாப்பு பற்றியும் கூற வேண்டும். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களைக் காற்றுப்பை இல்லாத நிலையில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர் பாதுகாப்பில் ஐந்தும் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2019 ஏப்ரல் முதல் விற்கப்பட்ட கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக்கும், அவ்வாண்டு ஜூலை முதல் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பையும் கட்டாயமாயின. முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை 2022 தொடக்கம் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் உண்டு. ஆகவே வசதி இடந்தந்தால் 2019 நடுப்பகுதிக்குப் பின் செய்த வண்டியையே தேடுக. சிறிது பழைய மாதிரியின் பளபளப்பான உயர்ரகத்தைவிட, காற்றுப்பையுள்ள எளிய ரகமே குடும்பத்துக்கு ஏற்றது.

பெட்ரோல் பற்றி ஒரு சொல். 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை எய்தப்பட்டது. நம் கரும்பும் மக்காச்சோளமும் அந்த எத்தனாலுக்கு மூலப்பொருள் ஆகின்றன என்பது விவசாயிக்கு மகிழ்ச்சியே. எனினும் 2023க்கு முந்திய கார்கள் பல அக்கலவைக்கென முழுமையாக வடிவமைக்கப்பட்டவையல்ல. அவற்றில் மைலேஜ் சற்றுக் குறையலாம். எரிபொருள் செல்லும் ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் சோதித்து, தேய்ந்தவற்றை மாற்ற வேண்டும்.

மூன்றாம் படி: நின்ற வண்டியைப் பார்த்தல்

பகல் வெளிச்சத்தில், கழுவிய ஈரம் காய்ந்த பின் பார்க்க வேண்டும். மழையிலும் மாலை மங்கலிலும் டிங்கரிங் செய்த இடம் தெரியாது. பக்கவாட்டில் குனிந்து நோக்கினால் கதவுகளின் வண்ண வேறுபாடு புலப்படும். பானெட்டைத் திறந்து அதன் கீல் போல்ட்டுகளைக் காண்க. ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் அது கழற்றி மாட்டப்பட்டதாகும். கதவின் ரப்பர்ப் பட்டையைச் சிறிது விலக்கினால் ஆலையில் இட்ட வட்ட வெல்டுகள் சீரான இடைவெளியில் தெரிய வேண்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் ஒரு நீள்வட்டத்துள் இருக்கும். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். 2021இல் செய்த காரில் 2017இன் டயர் இருக்குமாயின், அது வேறெங்கோ இருந்து வந்தது. மீட்டர் 30,000 கிலோமீட்டர் காட்டியும் பெடல் ரப்பர் வழவழப்பாய், ஸ்டியரிங் மினுமினுப்பாய் இருந்தால் மீட்டரை நம்பற்க. இலக்க மீட்டர்களையும் மாற்றி எழுத இயலும். சர்வீஸ் ரசீதுகளிலுள்ள கிலோமீட்டரை வரிசைப்படுத்திப் பார்த்தலே தக்க சோதனை.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் பெருகியபோது ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டி எவ்வூருக்கும் விற்பனைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை காணலாம். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் தரைவிரிப்பின் அடியிலும் துருவோ மக்கிய வாடையோ இருந்தால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்க. நீர் புகுந்த மின்கம்பிகள் பின்னர்த் தரும் தொல்லைக்கு முடிவில்லை.

நான்காம் படி: எஞ்சினைச் சோதித்தல்

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையே சோதனைக்கு ஏற்றது. நாம் போய்ச் சேருமுன் விற்பவர் ஓட்டிச் சூடேற்றியிருந்தால் பானெட் சுடும். அவ்வாறாயின் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் கலந்தாற்போல் வெண்ணிறப் பசை இருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கலாம். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டுமே திறக்க வேண்டும். நீரில் எண்ணெய் மிதந்தால் ஹெட் காஸ்கெட் கெட்டிருக்கலாம்.

ஸ்டார்ட் செய்ததும் புகையின் நிறத்தைக் காண்க. நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும்; பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்ததன் அறிகுறி அது. கரும்புகை பெட்ரோல் மிகையாய்ச் செல்வதைக் காட்டும். குளிர்காலையில் சிறிது நேரம் வரும் வெண்மை வெறும் நீராவி. சூடேறிய பின்னும் அது நீங்காவிட்டால் ஐயத்துக்கு இடமுண்டு. மூன்று சிலிண்டர் எஞ்சின் நின்ற நிலையில் சற்று அதிர்வது இயல்பு. அந்த அதிர்வு ஒரு தாளகதியில் இருக்க வேண்டும். இடையிடையே தவறினால் ஒரு சிலிண்டர் சரிவர வேலை செய்யவில்லை எனக் கொள்க. மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்ரெஷன் அளந்தால் எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும்.

மாருதி 800, ஆல்டோ 800 ஆகியவற்றின் எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அது காலத்தில் மாற்றப்பட வேண்டியது. ஆல்டோ கே10 போன்றவற்றில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி உள்ளது. பெல்ட் மாற்றிய ரசீது இல்லையெனில் மாற்றும் செலவை விலையிற் கழித்துப் பேசுக. எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. பொருத்தியிருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருத்தல் வேண்டும்.

ஐந்தாம் படி: ஓட்டிப் பார்த்தல்

தெருமுனை வரை போய்த் திரும்புவது சோதனையாகாது. இருபது கிலோமீட்டரேனும், நால்வரை ஏற்றி, ஏசியைப் போட்டு ஓட்ட வேண்டும். கோவை நகரத்தார்க்கு அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரில் 2025இல் திறந்த மேம்பாலம் இருக்கிறது. அதன் ஏற்றத்தில் எஞ்சின் கூவியும் வண்டி விரையாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். சமமான தனிச் சாலையில் ஸ்டியரிங்கை இலேசாகப் பிடித்து பிரேக் இட்டால் வண்டி ஒரு புறம் இழுக்கலாகாது. நெரிசலில் நின்று நகரும்போது வெப்ப முள்ளோ எச்சரிக்கை விளக்கோ ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

மலையில் ஓடிய வண்டியாயின் கூடுதல் கவனம் தேவை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அத்தகைய சாலையில் நாள்தோறும் ஓடிய காரின் கிளட்சும் பிரேக்கும், சமவெளியில் அதே கிலோமீட்டர் ஓடிய காரினும் மிகுதியாகத் தேய்ந்திருக்கும்.

ஆறாம் படி: ஆவணமும் பெயர் மாற்றமும்

வண்டி நன்றாயிருந்தும் ஆவணத்தால் கெட்டவர் பலர். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுக. பரிவாகன் இணையதளத்தில் எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை, நிலுவை அபராதம் உண்டா என்பனவற்றைப் பார்க்கலாம். கடன் நிலுவைக் குறிப்பு இருந்தால், நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35உம் கைக்கு வருமுன் முழுப் பணம் கொடுத்தல் ஆகாது.

தனியார் காரின் பதிவு முதற் பதிவிலிருந்து 15 ஆண்டு செல்லும். பின்னர்ச் சோதனைக்குட்படுத்தி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்த்தப்பட்டது. பதினான்காம் ஆண்டில் மலிவாகக் கிடைக்கும் வண்டியின் மலிவு எத்தகையது என்பது இதனால் விளங்கும். பாலக்காட்டு எண்ணுள்ள கார் விலை குறைவாகத் தோன்றலாம். படிவம் 28இல் என்.ஓ.சி. பெற்று இங்கே மறுபதிவு செய்து வரி கட்டும் செலவைக் கூட்டிய பின்னரே ஒப்பிடுக. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சிறு கார்களின் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்தது. பழைய காருக்கு அதற்கு முந்திய புது விலையை அடிப்படையாகக் காட்டிப் பேசுவோரிடம் இதை நினைவூட்டலாம்.

படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்தான பின், உரிமை மாற்றத்தை ஒரே மாநிலத்துள் விற்பவர் 14 நாட்களிலும் வாங்குபவர் 30 நாட்களிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். இதை அலட்சியம் செய்தால் விளைவது என்ன? பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு காரால் நேர்ந்த விபத்து வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தம் பழைய காரை விற்கும் உறுப்பினரும் இதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இன்சூரன்சைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுள் விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு பெறுவதில் சிக்கல் எழும். இழப்பீடு கோராமைக்கான சலுகை விற்றவரைச் சேர்ந்தது, வண்டியோடு வாராது. எனவே வாங்குபவர் கூடுதல் பிரீமியம் கட்ட நேரிடும்.

முடிவுரை

தரகர் எத்துணை நல்லவராயினும் அவர் விற்பதால் பிழைப்பவர். நமக்கு வேண்டிய மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்து அழைத்துச் செல்வதே சிக்கனம். "இன்றே முன்பணம் கொடாவிட்டால் வேறொருவர் கொண்டு போவார்" என்னும் சொல்லுக்கு அஞ்ச வேண்டாம். ஒரு வண்டி போனால் மற்றொன்று வரும். தறியும் நிலமும் கடனுக்குப் போனால் மீட்பது அரிது. விதை நெல்லைக் கையிலெடுத்துப் பார்த்து வாங்குபவர் நாம். அதே பொறுமையைக் காரிலும் காட்டுவோமாக.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. உங்கள் குடும்பம் மாதம் எத்தனை கிலோமீட்டர் கார்ப் பயணம் செய்கிறது? அதை வாடகைக் காரோடு ஒப்பிடுக.
2. 4820 என்று குறியுள்ள டயர் எப்போது செய்யப்பட்டது?
3. நீலப்புகைக்கும் வெண்புகைக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. பெயர் மாற்றாமல் காரை விற்பவருக்கு நேரக்கூடிய இடர் என்ன?
5. நடைமுறை மூலதனத்தைக் காரில் முடக்குவதால் தறிக்கும் பயிருக்கும் விளையும் தீங்குகளை விவாதிக்க.