நீரெடுக்கும் வாயிலில் படியும் மணலைத் தாரைப் பம்பியால் அகற்றல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி ஆகிய ஊர்களின் வழியாகச் சென்று அராலியிற் கடலைச் சேரும் வழுக்கையாறும் மாரிக்காலத்தில் மட்டுமே ஓடுகின்றது. ஆகவே நம் வயல்களுக்கு மழைநீரும் குளத்து நீரும், வெங்காயம், மிளகாய், கத்தரி முதலிய தோட்டப் பயிர்களுக்குக் கிணற்று நீரும் ஆதாரமாக உள்ளன. ஆற்றிலாயினும், குளத்திலாயினும், கிணற்றிலாயினும் நீர் எடுக்கப்படும் இடத்தில் மணலும் சேறும் படிவது இயல்பு. இப்படிவை நீரை இறைத்து வற்றச் செய்யாமலும், ஆளைக் கீழே இறக்காமலும் அகற்றும் வழி ஒன்றை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

படிவு உண்டாகும் காரணம்

ஓடும் நீர் தன் வேகத்தினால் மண்ணைச் சுமந்து வருகின்றது. வேகம் குறையும் இடத்தில் முதலிற் பருமணலும், பின்னர் நுண்மணலும், இறுதியில் வண்டலும் அடியில் தங்கும். ஆற்று வளைவின் உட்புறத்தில் வேகம் குறைவாதலால் அங்கு மணல் திடராகச் சேரும். வெளிப்புறத்தில் சேர்வது குறைவு. ஆதலால் உறிஞ்சு குழாயை இடுவதற்கு வளைவின் வெளிப்புறமே ஏற்றது.

குளங்களில் துருசின் வாயிலிலும், கிணறுகளில் அடித்தளத்திலும் இதுவே நிகழ்கின்றது. மாரியில் பெருகும் வெள்ளம் செம்மண்ணைக் கிணற்றினுள் அடித்துச் செல்லும். சில ஆண்டுகளில் அடியிலுள்ள ஊற்றுக் கண்கள் அடைபட, நீர் ஊறுவது தாமதமாகும். உறிஞ்சு குழாயின் அடிவால்வு சேற்றிற் புதையும். மணல் கலந்த நீர் பம்பியின் சுழலியைத் தேய்த்துவிடும்.

பெரிய ஆறுகளில் ஆற்றின் விசையைக் கொண்டே மணலை அகற்றுவர். ஆர்தர் கொட்டன் என்னும் பொறியியலாளர் 1836ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலே கொள்ளிடத்திற்குக் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கியபோது, அணையின் அடிமட்டத்தில் மணற்போக்கிகளையும் அமைத்தார். அவற்றைத் திறந்தால் வெள்ளமே மணலை அடித்துச் சென்றுவிடும். நமக்கு அத்தகைய பேராறு இல்லை. ஆகவே அந்த விசையை ஒரு குழாயினுள் நாமே உண்டாக்கிக்கொள்ளல் வேண்டும். அதற்கான கருவியே தாரைப் பம்பி.

கலக்கி இறைப்பதில் உள்ள இரு கேடுகள்

கோடையின் இறுதியில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது கிணற்றைக் கலக்கி இறைத்து, ஆளை இறக்கிச் சேற்றை அள்ளுவது நம்மவர் வழக்கம். துலாவினாலும் பட்டையினாலும் இறைத்த காலத்தில் இதனால் பெருங்கேடு விளையவில்லை. இயந்திரத்தால் விரைவாக இறைக்கும் இக்காலத்தில் இரண்டு ஆபத்துகள் உள்ளன.

முதலாவது, உவர்நீர் ஏறுதல். நம் குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணக்கற் பாறையில், மழையால் ஊறிய நன்னீர் கனமான கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கூடுதல் கனமுடையது. ஆகவே கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் நிற்கும். மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அப்படியே நிலைத்துவிட்டால், கீழேயுள்ள உவர்நீர் 40 அடிவரை மேலேறக்கூடும். பாறையில் வெடிப்புகளும் குகைகளும் உள்ள இடங்களில் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கு உவர் இன்னும் விரைவாக வரலாம். கிணற்றை ஒட்ட இறைப்பது உவரை நாமே அழைப்பதற்கு ஒப்பாகும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் செல்லலாம்.

இரண்டாவது, உயிராபத்து. நீர்மட்டம் தாழும்போது எண்ணெயில் இயங்கும் பம்பியைக் கிணற்றினுள் இறக்கி வைப்பவர் உளர். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது கிணற்றினுள் தேங்கி நிற்க, இறங்கியவர் சில நிமிடங்களில் மயங்கி வீழ்வார். அவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே வீழ்வார். எக்காரணம் கொண்டும் எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்குதல் கூடாது.

தாரைப் பம்பி வேலை செய்யும் முறை

பூச்சிமருந்து தெளிக்கும் சிறிய கைக்கருவியை நீங்கள் கண்டிருப்பீர்கள். காற்று வேகமாகக் குழாய் வாயைக் கடந்து செல்லும்போது கீழேயுள்ள மருந்து தானாக மேலெழுந்து காற்றோடு கலக்கின்றது. தாரைப் பம்பியின் தத்துவமும் இதுவே. காற்றுக்குப் பதிலாக இங்கு நீர் பாய்கின்றது.

இதன் உறுப்புகள் மூன்று. அமுக்கத்துடன் வரும் நீரை ஒடுங்கிய தாரையாகப் பாய்ச்சுவது முனைவாய். தாரையும் சேற்று நீரும் கலப்பது தொண்டை. கலந்த நீரின் வேகத்தைத் தணித்து மீண்டும் அமுக்கமாக்குவது விரிகுழாய். தாரை பாயும் இடத்தைச் சுற்றி அமுக்கம் குறைவதால், அருகிலுள்ள மணலும் நீரும் தொண்டைக்குள் இழுக்கப்படும். சுழலும் உறுப்பு எதுவும் இதில் இல்லாமையால், மணல் சென்றாலும் சுழலி தேயும் என்ற அச்சமில்லை. முனைவாயும் தொண்டையும் காலப்போக்கில் தேயும். அவற்றை மாற்றுவது எளிது.

ஜேம்ஸ் தொம்சன் என்னும் பொறியியலாளர் 1850களில் இக்கருவியை ஆக்கினார். அவுஸ்திரேலியாவில் நெராங் ஆற்றின் முகத்தில் மணல் அடைவதைத் தடுக்க, 1986ஆம் ஆண்டில் 10 தாரைப் பம்பிகளைக் கடலுள் நீளும் பாலம் ஒன்றில் வரிசையாக அமைத்தனர். மணலினுள் அமிழ்ந்திருக்கும் ஒவ்வொரு பம்பியும் தன்னைச் சுற்றிக் கூம்பு வடிவான குழியை உண்டாக்கும். மேலும் வரும் மணல் அக்குழியில் விழுந்துகொண்டேயிருக்கும். ஒரே இடத்தில் வைத்த பம்பி சுற்றியுள்ள மணலைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும் என்பதே நாம் இதனிடம் கற்கும் பாடம்.

கடைகளில் வீட்டுக் கிணறுகளுக்கென விற்கப்படும் ஜெட் பம்பும் இதே தத்துவத்தில் அமைந்ததாயினும், அது தெளிந்த நீருக்கானது. அதன் ஒடுங்கிய வாயை மணல் அடைத்துவிடும். அதனை இவ்வேலைக்குப் பயன்படுத்தலாகாது.

அளவுகள்

தோட்டங்களில் வழங்கும் 2 அங்குலப் பம்பியே தாரைக்கு வேண்டிய நீரைத் தரும். அது 60 அடி உயரத்திற்குச் சமமான அமுக்கத்தைக் கொடுத்தால், முனைவாயிலிருந்து நீர் செக்கனுக்கு ஏறத்தாழ 62 அடி வேகத்தில் வெளிப்படும். முனைவாயின் விட்டம் அரை அங்குலமாயின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 140 லீற்றர் செல்லும். தொண்டையின் விட்டம் முனைவாயின் விட்டத்தில் இருமடங்காக, அதாவது 1 அங்குலமாக இருத்தல் நன்று. தொண்டையின் நீளம் அதன் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு இருக்கலாம். விரிகுழாய் சிறிது சிறிதாகவே விரிதல் வேண்டும். திடீரென விரிந்தால் விசை வீணாகும்.

இக்கருவி செலவிடும் வலுவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே பயனாகும். ஆதலால் நாள்தோறும் பயிருக்கு நீர் இறைக்க இது ஏற்றதன்று; ஆண்டுக்கொருமுறை படிவை எடுப்பதற்கே உரியது. மேற்கூறிய அமுக்கத்தில் சேற்று நீரை நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 12 அடி உயர்த்தலாம். அதற்கு மேல் உயர்த்த வலிய பம்பி வேண்டும்.

ஏற்ற காலம்

கலக்கி இறைப்பதற்குக் கோடையின் இறுதி ஏற்றதாயினும், தாரைப் பம்பிக்கு மாரி முடிந்து நீர் தெளிந்த தை, மாசி மாதங்களே ஏற்றவை. அப்போது நீர்மட்டம் உயர்ந்திருப்பதால் சேற்றை ஏற்றும் உயரம் குறையும். உவர் ஏறும் அச்சமும் குறையும். வழுக்கையாற்றங்கரையிலும் குளங்களின் துருசு வாயிலிலும் நீர் நிற்கும் காலமும் அதுவே.

செய்முறை

1. கிணற்றிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி, 8 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குழி ஒன்றை வெட்டித் தடித்த பொலித்தீன் விரிக்கவும். வரும் நீர் இதில் ஏறத்தாழ 10 நிமிடம் தங்கி மணலைப் படியவிடும்.

2. இயந்திரத்தைக் கிணற்றுக்கு வெளியே நிலத்தில் வைக்கவும். அதன் உறிஞ்சு குழாயை மிதவை ஒன்றிற் கட்டி, நீர்மட்டத்திற்கு 2 அடி கீழே தொங்கவிடவும். தாரைக்குத் தெளிந்த நீரே செல்லல் வேண்டும்.

3. தாரைப் பம்பியைக் கயிற்றிற் கட்டி அடிவரை இறக்கவும். அதன் வாயில் அரை அங்குலத்திற்கு மேற்பட்ட கல்லும், இலையும், தும்பும் புகாதவாறு வலை இடவும்.

4. இயந்திரத்தை இயக்கிய பின் பம்பியை ஒரே இடத்தில் சில நிமிடங்கள் வைத்திருந்து, குழி உண்டானதும் ஓரடி நகர்த்தவும். இறுகிய களிமண் தானாக வராது. நீண்ட கம்பினால் அதனை முதலிற் கிளறவும்.

5. குழியில் மணல் அடைந்த மேல்நீரைக் கிணற்றுக்கே திருப்பலாம். செம்மண் கலங்கல் தெளியாவிடில் அந்நீரைத் தோட்டத்திற்குப் பாய்ச்சவும்.

6. தொடங்குமுன் நீர்மட்டத்தைக் கட்டில் அடையாளமிடவும். மட்டம் 2 அடிக்கு மேல் தாழ்ந்தால் வேலையை நிறுத்தி, மீண்டும் ஊறும்வரை பொறுத்திருக்கவும்.

7. கம்பு பாறையிற் படும் ஒலி கேட்டதும் அவ்விடத்தில் நிறுத்தவும். பழைய அடித்தளத்திற்குக் கீழே ஓர் அங்குலமும் ஆழமாக்க வேண்டாம். கட்டின் அடியிலுள்ள மண்ணையும் எடுத்தலாகாது, கட்டு சரிந்துவிடும்.

குடிநீர்க் கிணறாயின் வேலை முடிந்தபின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரீன் இட்ட பின்னரே நீரைப் பருகல் வேண்டும்.

எடுத்த மண்ணின் பயன்

குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரமாதலை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனை உலரவைத்து உழவுக்கு முன் பரப்பலாம். ஆனால் கடனீரேரிக்கு அண்மையிலுள்ள குளங்களின் வண்டலில் உப்பு இருக்கக்கூடும். சோதித்தறியாது பரப்புதல் தவறு. மணலைக் கிணற்றடியிற் குவித்து வைத்தால் அடுத்த மாரியில் அது மீண்டும் உள்ளே சென்றுவிடும்.

படிவை எடுப்பதிலும் படியாமற் காப்பது மேலானது. கிணற்றுக் கட்டை நிலமட்டத்திற்கு மேல் 3 அடி உயர்த்துங்கள். வெள்ளம் வரும் பக்கத்தில் சிறு வரம்பும் மணற்குழியும் அமைத்திடுங்கள்.

தாரைப் பம்பி ஒன்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்திருத்தல் அவசியமன்று. ஆண்டில் ஓரிரு நாட்களே தேவைப்படும் கருவியாதலால், ஓர் ஊர்க் கமக்காரர் அமைப்பு ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். அயலவர் கிணறும் உங்கள் கிணறும் ஒரே நன்னீர்ப் படையிலிருந்தே ஊறுகின்றன. ஒருவர் ஒட்ட இறைத்தால் உவர் இருவருக்கும் ஏறும். இம்முறையைக் கைக்கொள்ள விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மேலும் விளக்கம் பெற்றுக்கொள்க.