டவர் போனாலும் தகவல் போக: மெஷ் ரேடியோ வாங்குமுன்

2015 டிசம்பர் வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் இரண்டிலும் சென்னையின் பல பகுதிகளில் முதலில் கரண்ட் போனது, பின்னாலேயே செல்போன் சிக்னலும் போனது. டவரும் இன்டர்நெட்டும் இல்லாமல், கைக்கடக்கமான ஒரு லோரா (குறைந்த மின்சக்தியில் தொலைதூரம் எட்டும்) ரேடியோவிலிருந்து அடுத்ததற்குக் குறுஞ்செய்தியைக் கடத்துவதுதான் மெஷ். போனை ப்ளூடூத்தில் இணைத்து டைப் செய்தால் போதும். உங்கள் தெருவுக்கோ அபார்ட்மென்ட்டுக்கோ அமைக்கும் எண்ணமிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• பக்கத்தில் யார் எதில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மெஷ்டாஸ்டிக், மெஷ்கோர் என்ற இரண்டு ஃபர்ம்வேர்களில் (கருவியை இயக்கும் மென்பொருள்) எதையும் ஒரே மாடல் கருவியில் ஏற்றலாம். ஆனால் ஒன்றில் அனுப்புவது மற்றதில் வராது. அடுத்த தெருவில் நாலு பேர் ஒன்றைப் பயன்படுத்தினால், வசதி குறைவானாலும் அதையே எடுங்கள்.

• யாருமே இல்லையென்றால், பராமரிக்க ஆள் உண்டா என்று பாருங்கள். மெஷ்டாஸ்டிக்கில் சாதாரணமாக எல்லாக் கருவியுமே அடுத்தவர் செய்தியைக் கடத்தும். ஆளுக்கொன்று வாங்கி ஆன் செய்தாலே வலை உருவாகிவிடும். மெஷ்கோரில் கடத்துவது அதற்கென்றே வைக்கும் ரிப்பீட்டர்களின் வேலை. காற்றில் நெரிசல் குறையும், ஆனால் மொட்டை மாடி ரிப்பீட்டரை ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் மெஷ்டாஸ்டிக்தான்.

• 868 மெகாஹெர்ட்ஸ் மாடலைக் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் 865–868 பேண்டில், 1 வாட் வரம்புக்குள், லைசென்ஸ் வேண்டாம். விலை குறைவென்று 433 மாடலை வாங்கினால் மற்றவர்களோடு பேசவே முடியாது. ஆப்பில் ரீஜனை இந்தியா என்று வையுங்கள்.

• ஆன்டெனாவை உயரத்துக்கு ஏற்றுங்கள். கான்கிரீட் சுவர் சிக்னலை விழுங்கிவிடும். விலை உயர்ந்த கருவி வரவேற்பறையில் இருப்பதைவிட, மலிவான கருவி தண்ணீர் டேங்க் மேல் இருப்பது மேல்.

• தமிழில் அனுப்பிப் பாருங்கள். மெஷ்டாஸ்டிக்கில் ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் மெய்ப்புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனியே மூன்று பைட் கேட்கும். ‘அம்மா’ என்பதற்கே 15 பைட் ஆகிவிடும். ‘படகு 2’, ‘மருந்து 4B’ போலச் சுருக்கக் குறிகளை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

• வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். எந்த வீட்டுக்குச் செய்தி எட்டவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

செய்யக்கூடாதவை

• ஆன்டெனா மாட்டாமல் ஆன் செய்யாதீர்கள். ரேடியோ சிப் எரிந்துபோகலாம்.

• டிஃபால்ட் சேனலில் சொந்த விஷயம் பேசாதீர்கள். அதன் மறையாக்கச் சாவி உலகத்துக்கே தெரியும். தனிச் சேனல் அமைத்து, கியூஆர் கோடை நேரில் காட்டிச் சேருங்கள். லொகேஷனைத் துல்லியமாகப் பகிர வேண்டிய அவசியமும் இல்லை.

• வந்த ஃபர்ம்வேரோடு விட்டுவிடாதீர்கள். சில விற்பனையாளர்கள் ஒரே நகலை ஏற்றியதால் பல மெஷ்டாஸ்டிக் கருவிகளுக்கு ஒரே ரகசியச் சாவி அமைந்தது 2025இல் தெரியவந்தது. 2.6.11 பதிப்பில் திருத்தம் வந்தது. அப்டேட் செய்து, சாவியைப் புதிதாக உருவாக்குங்கள்.

• ‘முழுப் பாதுகாப்பு’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஹாங்காங் போராட்டக்காரர்கள் நம்பிய பிரிட்ஜ்ஃபை ப்ளூடூத் ஆப்பில் பெரிய ஓட்டைகள் இருந்ததை 2020இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

• எல்லோரும் கருவியை ரௌட்டர் முறையில் வைக்காதீர்கள், ஹாப் (செய்தி கைமாறும் தடவை) எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். மெஷ்டாஸ்டிக்கின் வழக்கமான 3 ஒரு காலனிக்குத் தாராளம். 7 ஆக்கினால் நெரிசல்தான் மிஞ்சும்.

• எம்க்யூடிடி இணைப்பில் வரும் செய்திகளைப் பார்த்து வலை பெரிதாகிவிட்டதென்று மகிழாதீர்கள். அவை இன்டர்நெட் வழியே வருபவை, வெள்ளத்தன்று வராது.

• போட்டோ, வாய்ஸ் மெசேஜ் எதிர்பார்க்காதீர்கள். 108, 112க்கு மாற்றாகவும் இதை எண்ணாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். சோதிக்க இரண்டு கருவி போதும், இன்றே ஆர்டர் செய்யுங்கள். மொட்டை மாடிக்கு அசோசியேஷன் அனுமதியையும் இன்றே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் அதுதான் இழுத்தடிக்கும்.